எலுமிச்சம்பழத்தை அவிழ்க்கப் பூசான் போனேன்

விமானத்தின் கழிப்பறையில் கை கழுவ சோப்புக் குப்பியை அழுத்தினேன். எலுமிச்சை வாசனை. வேறு யாருக்காவது அது புத்துணர்ச்சியாக இருக்கலாம். எனக்கு இல்லை. கடலுக்கு மேலே, மேகத்துக்கும் மேலே, கதவைத் தாழிட்டுக்கொண்டு ஒரு சோப்புக் குப்பியின் முன்னால் குற்றவாளியைப் போல நின்றேன். அந்த வாசனை என்னை ஒரு மாதம் பின்னால் இழுத்துக்கொண்டு போய், சேரப்பணஞ்சேரி ஷெட்டு வாசலில், லாரிச் சக்கரங்கள் நான்கு எலுமிச்சம்பழங்களை நசுக்கிய அந்தக் காலையில் நிறுத்தியது.

நான்கு பழத்தோடு நிறுத்தியிருந்தால் நான் விமானமே ஏறியிருக்க வேண்டாம்.

சேரப்பணஞ்சேரியைச் சுற்றி இருபத்திரண்டு குடும்பங்கள் சேர்ந்து முருங்கைக்கீரை பயிர் செய்கிறார்கள். கீரையை நிழலில் உலர்த்திப் பொடியாக்கிப் பெட்டி கட்ட ஒரு ஷெட் இருக்கிறது. அதை நடத்துகிறவள் தேவகி. பதினோரு வருடம் ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனியில் லைனில் நின்றவள். அந்த வேலையை விட்டுவிட்டுத்தான் இதில் இறங்கினாள். நான் அங்கே ஏற்றுமதிக் காகிதங்கள் எழுதுகிறேன். மற்ற நேரத்தில் வசன கவிதை எழுதுகிறேன். இரண்டும் ஒரே மேஜையில் நடப்பதால் சில நாள் சரக்குப் பட்டியலில் மழை பெய்துவிடும். தேவகி சிவப்புப் பேனாவால் மழையை அடித்துக் கொடுப்பாள்.

கொரியாவின் பூசான் நகரத்தில் நூடுல்ஸ் செய்கிற கம்பெனி ஒன்று எங்களிடம் நானூறு பெட்டி பொடி கேட்டது. எங்கள் முதல் கப்பல் சரக்கு. கன்டெய்னர் ஷெட்டு வாசலுக்கு வந்த அன்று வல்லக்கோட்டை முருகனுக்கு அர்ச்சனை செய்த விபூதி வந்தது, பூசணிக்காய் உடைந்தது, கற்பூரம் எரிந்தது. எல்லாம் முடிந்தபின் திருஷ்டிக் கயிறு ஒன்று மீந்தது. ஒரு எலுமிச்சம்பழம், ஏழு பச்சைமிளகாய், உச்சியில் ஒரு கரித்துண்டு. லாரி முகப்பில் கட்டப் போனேன். டிரைவர் தடுத்துவிட்டார். தன் வண்டிக்கு ஏற்கெனவே ஒன்று தொங்குகிறதாம். இரண்டு கட்டினால் ஒன்றை நம்பி ஒன்று வேலை செய்யாமல் இருந்துவிடுமாம். கையில் கயிறு. எதிரே திறந்து கிடந்த கன்டெய்னர். உள்ளே கதவோரம், உயரத்தில், யாரோ எனக்காகவே வைத்தது போல ஒரு கொக்கி. அங்கிருந்தவர்களில் உயரமானவன் நான். கட்டிவிட்டேன். கதவைச் சாத்தி முத்திரை போட்டார்கள்.

இந்தக் கன்டெய்னருக்குள் மேற்கண்ட சரக்கைத் தவிர வேறெதுவும் இல்லை என்று அதற்கு முந்தைய நாள்தான் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தேன். முப்பது வருடமாக எழுதுகிறேன். அயல்நாட்டில் ஒருவர் வரி விடாமல் படித்து, சொன்னது மெய்தானா என்று திறந்தும் பார்த்த என் ஒரே படைப்பு அதுதான்.

புகைப்படம் வந்தது. மூன்று வாரக் கடலில் பழம் கறுத்துச் சுருங்கி, பூஞ்சையில் தாடி வளர்த்திருந்தது. மிளகாய்கள் விரல் மாதிரி வளைந்திருந்தன. கூடவே பூசான் துறைமுகத்துத் தாவரச் சோதனை அலுவலகத்தின் கடிதம்: அனுமதியில்லாத பழம் ஒன்று, அனுமதியில்லாத காய் ஏழு, கரி ஒன்று, அனைத்தும் ஒரே நூலில். நோக்கம் தெரியவில்லை. அனுப்பியவர் விளக்கும்வரை சரக்கு நகராது. நூடுல்ஸ் கம்பெனியும் எழுதியிருந்தது: வெள்ளிக்கிழமைக்குள் சரக்கு கைக்கு வராவிட்டால் வேறு நாட்டில் வாங்கிக்கொள்வோம், உங்கள் கன்டெய்னர் திரும்பி வரும், பொறுப்பானவர் யாராவது நேரில் வாருங்கள்.

தேவகி அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தாள். அவளுடைய பழைய கம்பெனி அடையாள அட்டை இன்னமும் ஷெட்டில் ஒரு ஆணியில் தொங்குகிறது. கன்டெய்னர் திரும்பி வந்தால் தானும் விடியற்காலை கம்பெனி பஸ்ஸுக்குத் திரும்பிப் போக வேண்டியதுதான் என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"கட்ன ஆளே போய் அவுத்துகினு வாண்ணா."

சிங்கப்பூரில் ஒரு கவியரங்கத்துக்காக எடுத்து, கவியரங்கம் நின்றுபோனதால் ஒரு முத்திரையும் படாமல் கிடந்த பாஸ்போர்ட் என்னிடம் இருந்தது. கன்னி கழியாத அந்தப் பாஸ்போர்ட்டின் முதல் முத்திரை கவிதைக்காக விழவில்லை. ஏழு மிளகாய்க்காக விழுந்தது.

திங்கட்கிழமை மதியம் பூசான். வெளியே வந்தால் என் பெயர் எழுதிய அட்டையோடு கோட்டு சூட்டில் ஒரு கொரியர் நின்றார். இடுப்பு வளைத்து வணங்கினார். நானும் வளைந்தேன். நிமிர்ந்தவர் கேட்டார்:

"இன்னாணா, வன்ட்டியா? சாப்ட்டியா?"

என் பெட்டி கைநழுவிக் கால்மேல் விழுந்தது. பெயர் யூன். ஒரகடத்தில் ஆறு வருடம் லைன் இன்சார்ஜாக இருந்தவர். தமிழ் கற்றது முழுக்க ஷிப்ட் பையன்களிடம். ஆகவே அவருடைய தமிழில் முதலமைச்சரும் 'நீ'தான், கடவுளும் 'நீ'தான். அதோடு எல்லோரும் 'ணா'. இப்போது நூடுல்ஸ் கம்பெனியில் கொள்முதல் பார்க்கிறார். ஒரகடத்துக் கேன்டீனில் சாப்பிட்ட முருங்கைக்கீரைப் பொரியல் ஞாபகத்தில்தான் எங்கள் பொடியைத் தம் முதலாளியிடம் சிபாரிசு செய்திருக்கிறார். சரக்கு திரும்பினால் அவர் தலையும் உருளும் என்பதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். சிரித்துக்கொண்டே சொன்னதால் எனக்குப் பயம் கூடியது.

சாப்பிட அழைத்துப் போன கடையில் வெள்ளையாக ஒரு சூப் வந்தது. அதில் நார் நாராய் உலர்ந்த மீன். வாயில் வைத்தேன், புளி ஊற்ற மறந்துபோன கருவாட்டுக் குழம்பு. கையில் எஃகுக் குச்சிகள். வழவழப்பான மீனும் வழவழப்பான எஃகும் சேர்ந்து என்னை இருபது நிமிடம் வேடிக்கை பார்த்தன. பக்கத்து மேஜைக் கிழவர் தன் மனைவியிடம் ஏதோ சொன்னார். யூன் மொழிபெயர்த்தார்: பாவம், அந்த ஆளுக்கு ஒரு கரண்டி கொடுக்கச் சொல்லு. கரண்டி என் தட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது.

கடை நிலைப்படிக்கு மேலே வாயைப் பிளந்த முழுக் கருவாடு ஒன்று வெள்ளை நூலால் சுற்றித் தொங்கியது. இங்கே கருவாடு கிடைக்கும் என்பதற்கான விளம்பரப் பலகை என்று நினைத்தேன். யூனிடம் கேட்டதற்கு, அது சும்மா என்று கையை வீசிவிட்டு ஸ்ரீபெரும்புதூரைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்தார். வல்லக்கோட்டைத் திருப்பத்து டீக்கடை இருக்கிறதா, அந்தக் கடைக்காரர் இன்னமும் கடன் சொன்னால் ரேடியோவைச் சத்தமாக வைத்துவிடுகிறாரா, ரோட்டைத் தோண்டி முடித்துவிட்டார்களா. தோண்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்றேன். அவர் முகத்தில் ஒரு நிம்மதி பரவியது. ஆறு வருடத்தில் ஒருநாள்கூட ஊரைப் பிடிக்கவில்லையாம். திரும்பி வந்த மறுநாளிலிருந்து பிடித்துப்போனதாம். போய்ப் பார்க்கக் காரணம் ஒன்றும் வாய்க்கவில்லையாம்.

செவ்வாய்க்கிழமை காலை, ஹோட்டலுக்கு எதிரே பஸ் ஏறிச் சோதனை அலுவலகத்துக்கு வந்துவிடும்படி யூன் சொல்லியிருந்தார். எதிரே போனேன். மூடுபனி. டீசல் வாசனை. கழுத்தில் அட்டை தொங்க, பாதித் தூக்கத்தில் ஒரு வரிசை. வெள்ளை பஸ் வந்து மூச்சு விட்டு நின்றது. இருபது வருடமாக ஒரகடம் கூட்டு ரோட்டில் இந்தக் காட்சியைப் பார்த்து வளர்ந்த கால்கள் என்னுடையவை. பஸ் எண்ணைப் பார்க்கவில்லை, வரிசையோடு ஏறிவிட்டேன். யாரும் காசு கேட்கவில்லை. என்ன அருமையான நாடு என்று நினைத்தேன். எல்லோரும் தூங்கினார்கள். மரியாதைக்கு நானும் தூங்கினேன்.

விழித்தபோது கப்பல் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றின் வாசலில் இருந்தேன். எல்லோரும் அட்டையைக் காட்டிச் சுழல்கதவில் உள்ளே போனார்கள். நான் காட்டுவதற்கு முருங்கைப்பொடிப் பொட்டலம் ஒன்றுதான் இருந்தது. காவலாளி அதை வாங்கி முகர்ந்து பார்த்து, வணங்கித் திருப்பித் தந்தார். தன் அறையில் உட்கார வைத்துக் காகிதக் குவளையில் காப்பி கொடுத்தார். உள்ளே போன இரண்டு பேர் என்னைப் பார்த்து ஏதோ பேசிக்கொண்டார்கள். ஒரு மணி நேரம் கழித்து என் போனைக் கேட்டு மீட்க வந்த யூன், அவர்கள் பேசியதைக் காவலாளியிடம் விசாரித்துச் சொன்னார்: புது ஆள் போலிருக்கிறது, முதல் நாளே பஸ்ஸில் குறட்டை விட்டான், ரொம்ப நாள் தாங்கமாட்டான்.

வெளியே பார்த்தேன். அகலமான சாலை, வரிசையாகக் கன்டெய்னர் லாரிகள், ரவுண்டானா, தொலைவில் புகைக்குழாய், வெல்டிங் நெருப்பின் நீலம். தூசியை மட்டும் துடைத்து எடுத்துவிட்ட ஒரகடம். இத்தனை கடலையும் தாண்டி நான் என் ஊருக்கே வந்து சேர்ந்திருந்தேன்.

தாவரச் சோதனை அலுவலகத்தில் எங்கள் திருஷ்டிக் கயிறு ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் எண்ணோடு வைக்கப்பட்டிருந்தது. மருத்துவக் கல்லூரி சீசாக்களைப் போல. அதிகாரிக்கு நாற்பது வயதிருக்கலாம். மெல்லிய கண்ணாடி, மெல்லிய குரல். கைகளைக் கோத்துக்கொண்டு, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலை தாழ்த்தி, சங்கப் புலவரை மன்னன் விசாரிப்பது போல நெடுநேரம் பேசினார். யூன் அதை எனக்குத் தமிழில் தந்தார்:

"இத்த யார்ரா கட்னதுன்னு கேக்குறாரு."

நான்தான் என்றேன். எதற்கு என்று கேட்டார். படிவத்தில் 'நோக்கம்' என்று ஒரு கட்டம் காலியாக இருந்தது, அதை நிரப்பவேண்டும். திருஷ்டி என்ற சொல் தொண்டை வரை வந்தது. எதிரே நுண்ணோக்கிகள், வெள்ளைக் கோட்டுகள், சுவரில் பூச்சிகளின் வண்ணப்படங்கள். படித்தவன் என்ற நினைப்பு குறுக்கே விழுந்தது. அறிவியல்பூர்வமாக ஏதாவது சொல்வோம் என்று, பூச்சி வராமல் இருப்பதற்காக என்றேன்.

யூன் மொழிபெயர்த்தார். அதிகாரியின் முகம் மலர்ந்தது. மேஜையைத் திறந்து வேறொரு படிவத்தை எடுத்தார். முதலாவதைவிட மூன்று மடங்கு தடிமன்.

"அய்யே, இன்னாணா சொல்லிட்ட," என்றார் யூன். "பூச்சி மருந்துன்னா வேற கேஸு. நானூறு பெட்டியும் லேப்புக்குப் போவணும். பத்து நாளு."

வெள்ளிக்கிழமைக்கு மூன்று நாள் இருந்தது.

அன்று சாயங்காலம் தேவகிக்குப் போன் செய்தேன். அங்கே மதியம். பின்னால் கீரை உலர்த்தும் விசிறிகளின் சத்தம் கேட்கவில்லை. கீரை வெட்டுவதை நிறுத்தி வைத்திருப்பதாகச் சொன்னாள். வெட்டினால் ஒரு நாளில் வாடும், வெட்டாவிட்டால் மரத்தில் முற்றும். இருபத்திரண்டு வீட்டுக்காரர்களும் ஷெட்டுக்கு வந்து ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்துவிட்டுப் போகிறார்களாம். பழைய கம்பெனியிலிருந்தும் போன் வந்ததாம், லைனில் ஆள் குறைகிறது, வருகிறாயா என்று. நான் சொன்ன பொய்யை அவளிடம் சொன்னேன்.

"கட்றதுக்கு வெக்கம் இல்ல, சொல்றதுக்கு மட்டும் இன்னாண்ணா வெக்கம் உனுக்கு?"

போனை வைத்ததும் யூனைத் தேடிப் போனேன்.

யூனிடம் விஷயத்தைச் சொன்னேன். இதுதான் நோக்கம், ஊர்க்கண் படாமலிருக்க. அவருக்கு முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது. ஒரகடத்தில் ஆயுத பூஜைக்கு லைனுக்கு முன்னால் பூசணிக்காய் உடைத்தவரே அவர்தான். நெற்றியில் குங்குமத்தோடு எடுத்த படத்தைக் காட்டினார். பின் ஏன் அதிகாரியிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். தரையைப் பார்த்தபடி, ஆபீசர் சிரிப்பார் என்றார். இரண்டு நடுவயதுக்காரர்கள், இரண்டு தேசத்து வெட்கம், ஒரு எலுமிச்சம்பழம்.

புதன்கிழமை மழை. கன்டெய்னரை நேரில் பார்க்க அதிகாரி எங்களைத் துறைமுகத்துக்கு அழைத்துப் போனார். அவருடைய சொந்தக் கார், புதிது, இருக்கையின் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. வழி முழுக்க உண்மையைச் சொல்ல வாய் திறந்தேன், வைப்பர் ஒவ்வொரு தடவையும் என் வாக்கியத்தைத் துடைத்துப் போட்டது. இறங்கியதும் மழைக்கான ரப்பர் பூட்ஸை எடுக்க அவர் காரின் பின்கதவைத் தூக்கினார்.

கருவாட்டு வாசனை.

பூட்ஸுக்குப் பக்கத்தில், வாயை அகலத் திறந்து, கண்ணை உருட்டி, வெள்ளை நூலால் சுற்றப்பட்டு, ஒரு முழுக் கருவாடு. சூப்புக் கடை நிலைப்படியில் பார்த்ததன் தம்பி. புது கார், புது நூல். எனக்குள் ஏதோ டக்கென்று பொருந்தியது. யூனின் முழங்கையைப் பிடித்தேன், இது எதற்கு என்று கேட்கச் சொன்னேன். யூன் தயங்கினார். அப்புறம் கேட்டார்.

அதிகாரியின் காதுகள் சிவந்தன. பின்கதவைப் பாதி இறக்கினார், மறுபடி தூக்கினார். மழை எங்கள் மூவர் தலையிலும் ஒரே மாதிரி பெய்தது. ரொம்பவும் சின்னக் குரலில் சொன்னார். யூன் அதைவிடச் சின்னக் குரலில் மொழிபெயர்த்தார்: அம்மா வைத்தது. புது வண்டி. கண்ணை மூடாத மீன் காவல் காக்குமாம்.

நான் மீனைக் காட்டினேன். பிறகு தூரத்தில் மழையில் நின்ற எங்கள் கன்டெய்னரைக் காட்டினேன். நேற்று நான் சொன்னது பொய், பூச்சிக்காக இல்லை, எங்களுக்கு அது முதல் சரக்கு, இதுவும் அதுவும் ஒன்றுதான் என்றேன். யூன் முடித்ததும் அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஈரக் கைக்குட்டையில் துடைத்ததால் இன்னும் மங்கியது. பின் நிமிர்ந்து நின்று, அரசாங்கத்தின் குரலில் ஒன்று சொன்னார்.

"தன் மீனு கடல் தாண்டலியாம்ணா," என்றார் யூன். "உன் பழம் தாண்டிருச்சாம். அதான் கேஸாம்."

நியாயம்தான். தலை குனிந்தேன். அவர் தடிமனான படிவத்தை எடுத்து இரண்டாக மடித்து, கருவாட்டின் பக்கத்தில் வைத்து, கதவைச் சாத்தினார். மெலிந்த படிவத்தை எடுத்து, யூன் விரித்த குடைக்கடியில் பிடித்துக்கொண்டு, 'நோக்கம்' கட்டத்தில் மெதுவாக எழுதினார். யூன் எட்டிப் பார்த்துப் படித்துச் சொன்னார். முதல் பயணம் நல்லபடியாக முடிய என்று எழுதியிருந்தார். அவ்வளவுதான். நான் ஒரு வாரமாகத் தேடிய வரி. பொறாமையாக இருந்தது.

வியாழக்கிழமை முழுக்கப் பெட்டிகளை இறக்கி ஒவ்வொன்றாய்ச் சோதித்தார்கள். பொய் சொன்னதற்கு ஈடாக நானும் சுமந்தேன். ஒவ்வொரு பெட்டி திறக்கும்போதும் கொரியக் கடல்காற்றில் பச்சையாகச் சேரப்பணஞ்சேரி எழுந்தது. முந்நூறாவது பெட்டியில் ஒரு சிறு கறுப்பு தென்பட, எல்லோரும் குனிந்தோம். அது ஒரு ஸ்டிக்கர் பொட்டு. யாருடையது என்று தெரியவில்லை. அதிகாரி அதை இடுக்கியால் எடுத்து, வெகுநேரம் பார்த்து, தாவரமல்ல என்று எழுதினார். நானூறிலும் பூச்சி இல்லை.

கடைசியில் திருஷ்டிக் கயிற்றை விதிப்படி அழிக்கவேண்டும். முற்றத்து ஓரத்தில் ஒரு சின்ன உலை. அதிகாரி கையுறையோடு கயிற்றைப் பிடித்து உள்ளே போட்டார். ஏழு மிளகாயும் ஒரேயடியாகக் கமறின. அதிகாரி, யூன், நான், பாரந்தூக்கி ஓட்டுநர், எல்லோரும் கண்ணீர் வழிய இருமினோம். எங்கள் ஊரில் இப்படித்தான் சுற்றிப்போட்டு நெருப்பில் இடுவோம். நெடியேறி இருமினால் கண்ணேறு ஒன்றும் இல்லை என்று அர்த்தம். என் கண்ணெதிரே ஒரு அயல்நாட்டு அரசாங்கம், உரிய படிவங்களோடு, எங்கள் சரக்குக்குத் திருஷ்டி கழித்துக்கொண்டிருந்தது. அவரிடம் இதைச் சொல்லவில்லை. எல்லா உண்மையையும் ஒரே வாரத்தில் சொல்லத் தேவையில்லை.

வெள்ளிக்கிழமை காலை நூடுல்ஸ் கம்பெனியின் லாரி பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போனது. அடுத்த சரக்குக்கும் சொல்லிவிட்டார்கள். மதியம் தேவகியைக் கூப்பிட்டேன். அவள் பேசுவதற்கு முன்பே விசிறிகளின் சத்தம் கேட்டது. முந்தின இரவு நான் அனுப்பிய செய்தியைப் பார்த்து, விடிந்ததும் வெட்டச் சொல்லிவிட்டாளாம். ஆணியில் தொங்கிய கம்பெனி அட்டையை எடுத்துப் பெட்டியில் வைத்துவிட்டதாகவும், அந்த ஆணியில்தான் இனி திருஷ்டிக் கயிறு தொங்கும், கன்டெய்னர் பக்கம் உயரமானவர் யாரையும் விடப்போவதில்லை என்றும் சொன்னாள்.

விமான நிலையத்துக்குப் போகிற பஸ் நிறுத்தத்தில் யூன் நின்றார். இந்தத் தடவை பஸ் எண்ணை மூன்று முறை படித்துக் காட்டச் சொன்னார். தேவகி என்னை அனுப்பும்போது சொன்ன வார்த்தையை அவரிடம் முதல் நாளே சொல்லியிருந்தேன். அன்றிலிருந்து அதைத் தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தார். பஸ் திரும்பி வருவது தெரிந்ததும் கோட்டுக்குள்ளிருந்து நீளமாக ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து என் பெட்டிக்குள் செருகினார். வாசனையே சொல்லிவிட்டது. பிரித்துப் பார்த்தேன். வாய் பிளந்த கருவாடு, வெள்ளை நூலை அவரே சுற்றியிருந்தார், முடிச்சு கொஞ்சம் கோணல். ஷெட்டு வாசலில் கட்டவாம். ஐயா, இந்தக் கூத்து இப்போதுதான் முடிந்தது, சென்னையில் இறங்கியதும் இதைக் காட்டித்தானே ஆகவேண்டும், பிடித்து வைத்துக்கொண்டால் என்ன செய்வேன் என்றேன். பஸ் வந்து மூச்சு விட்டு நின்றது. யூன் என் பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்தார். ஆறு வருடம் பிடிக்காமலிருந்த ஊரை நினைத்தோ என்னவோ, முகமெல்லாம் சிரிப்பு.

"புட்சி வெச்சிகினா எனுக்கு ஒரு போன் போடுணா. கட்ன ஆளு நான்தான்னு சொல்லு. நானே வந்து அவுத்துகினு போறேன்."